சம்பந்தியம்மா ஊற்றிய மால்ட்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் கதவுத் தட்டில் முதலில் கண்ணில் படுவது ஒரு தடித்த பச்சைக் கண்ணாடிப் புட்டி. உள்ளே இருப்பது குடிநீர்தான். ஆனால் லேபிள் இன்னும் முழுதாக உரியவில்லை. விஸ்கி என்ற ஆங்கில எழுத்துகளையும், அதற்கு மேலே பெரிதாகப் போட்டிருக்கும் 5 என்ற எண்ணையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த தம்பி ஒருத்தர் அதைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், மறுபடி புட்டியைப் பார்த்தார். "தண்ணிதாம்ப்பா அது" என்றேன். "தண்ணிதாம்மா, தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார். தூக்கிப் போடு, மானம் போகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். திண்டுக்கல் தபால் ஆபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து, ஸ்டாம்பை நக்கி ஒட்டுகிறவர்களைக்கூட அதட்டி வைத்த பொம்பளை நான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் புட்டி என் சம்பந்தியம்மாவின் ஞாபகம். என் ஒரே மகளின் மாமியார். ஒட்டன்சத்திரத்துக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு அங்கே காய்கறி மார்க்கெட்டில் மண்டி இருக்கிறது. ஐயா லாரிகளைப் பார்த்துக்கொள்வார், அம்மா காயைப் பார்த்துக்கொள்வார். கேரளாவுக்குப் போகிற சரக்கில் ஒரு மூட்டை வெண்டைக்காய் சரியில்லை என்றால், பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். கையில் எந்தக் காய் கிடைத்தாலும் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், மூக்கருகே கொண்டுபோவதும் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தட்டில் வைத்த வாழைப்பழத்தை முகர்ந்துவிட்டு, "சிறுமலைப் பழமுங்களா?" என்று கேட்டார். என் மகளைப் பார்த்ததைவிடப் பழத்தைப் பார்த்த நேரம் அதிகம். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

ஆனால் எங்களுக்குள் பேச்சு அறுந்தது கல்யாணத்தன்று. என் மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. படிப்பு, வேலை என்று வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வருடங்களில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமா நஞ்சமா? "உன் மக வயசு ஏறிப்போச்சே" என்று நேராகச் சொன்னவர்கள் நல்லவர்கள். சுற்றி வளைத்துச் சொன்னவர்கள்தான் அதிகம். கடைசியில் அவளே கூட வேலை பார்த்த பையனைக் காட்டினாள், அவளைவிட ஒரு வயது இளையவர். எல்லாரும் சம்மதித்துக் கல்யாணமும் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை நானே நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். ரசம் வாளியோடு வந்தவருக்கு வழி விட்டு ஒதுங்கியபோது, முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "முத்தலாத்தானுங்க இருக்குது. என்ன பண்றது, வாயை மூடிட்டு ஏத்துக்க வேண்டியதுதான்."

தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகவில்லை, என் பெண்ணைப் பார்த்து முத்தல் என்கிறாளே! யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அவள் வாழ்க்கை கசக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "உனக்குக் காது சரியாக் கேக்கலைடி" என்று முடித்துவிடுவார். அதனால் விழுங்கிக்கொண்டேன். விழுங்கினது செரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா போய்வருகிறேன் என்று சொல்ல வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. தீபாவளிக்கு ஐயா என் வீட்டுக்காரருக்குப் போன் போடுவார், பொங்கலுக்கு இவர் அவருக்குப் போடுவார். நாங்கள் இரண்டு பேரும் அவரவர் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்போம்.

இதற்கிடையில் மகளும் மாப்பிள்ளையும் வேலையாக ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார்கள். அங்கே போன இரண்டாம் வருடம் அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று நான் மூன்றாம் மாதத்திலிருந்தே துணி கிழித்து, துவைத்து, மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் மாதம் போன் போட்டாள். பாசத்தில் மட்டும் அவள் அப்பா மாதிரி, பிடிவாதத்தில் அப்படியே நான். "அம்மா, நீயும் அத்தையும் ஏன் பேசிக்கிறதில்லைன்னு நான் கேக்கல. ஆனா இப்படி ரெண்டு பக்கமும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா நான் அங்க வந்து யார் நடுவுல படுத்துக் கிடக்க? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எனக்கு வீடியோ கால் போடுங்க. இல்லாட்டி இங்கயே பெத்துக்கிறேன்." மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கண் காணாத குளிரில் பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் என் பிள்ளை வலி எடுத்துக் கிடப்பாளா?

அடுத்த வாரமே ஒரு பார்சல் வந்தது. மாப்பிள்ளையின் நண்பர், திண்டுக்கல் பையன், லீவில் வந்தவர் கொடுத்துவிட்டுப் போனார். "இது ஒட்டன்சத்திரத்துல அவங்கப்பாகிட்டக் குடுக்கணுமாம் ஆன்ட்டி. நீங்களே கையில கொண்டுபோய்க் குடுக்கணும்னு சொல்லச் சொன்னாங்க." இது யார் போட்ட திட்டம் என்று புரியாமலா இருக்கும்? ஜிகினாத் தாளைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. பார்சல் என்றால் உள்ளே என்ன என்று பார்க்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை எனக்கு. ஓரத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். ஸ்காட்ச் விஸ்கி, சிங்கிள் மால்ட், ஐந்து வருடம் என்று போட்டிருந்தது. தாளைப் பழையபடி ஒட்டிவிட்டேன். வீட்டுக்காரரைக் கூட வரச் சொன்னால், "நீ போய்ட்டு வா, எனக்கு வெயில் ஆகாது" என்று நழுவினார். அறுபது வயதில் விஸ்கிப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர், "பையக் கீழ வைங்கம்மா, காலு நோவாது" என்றார். "இருக்கட்டும்ப்பா, சாமி காரியம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் பிறகு அனுபவித்தேன்.

சம்பந்தியம்மா வீட்டில் அவர் மட்டும் இருந்தார். ஐயா மண்டியில். "வாங்க" என்றார். ஒரே வார்த்தை. செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன். ஃபேன் சுற்றியது. எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, முளை கட்டிய ராகியை நிழலில் உலர்த்தியிருந்தார். மருமகளுக்கு அனுப்பத்தான். ராகியை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் உலர்த்தி வறுத்து அரைத்து அவர் செய்கிற மால்ட் மாவு மாதம் தவறாமல் ஸ்காட்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் மகள் சொல்லவே இல்லை. சொல்லும்படியாக நானும் நடந்துகொள்ளவில்லை.

பார்சலை நீட்டினேன். "மாப்பிள்ளை குடுத்து விட்டது."

"பையன் போன்ல சொன்னானுங்க" என்றபடி வாங்கிக்கொண்டார். "ஏதோ சிங்கிள் மால்ட்டாமா. நான் இங்கிருந்து மால்ட் அனுப்பறேன்னு அவன் அங்கிருந்து மால்ட் அனுப்பறான் போல."

சொல்லியிருக்கலாம். சம்பந்தி, அது மால்ட் இல்லை, சரக்கு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதே நாக்குக்குப் பின்னால் இரண்டு வருடக் கசப்பு உட்கார்ந்திருந்ததே! என் பிள்ளையை முத்தல் என்று சொன்ன வாய் கொஞ்சம் எரியட்டும் என்று தோன்றியது. பாவிதான், ஒத்துக்கொள்கிறேன். "ஆமா, மால்ட்டாம்" என்றேன்.

அவர் தாளைப் பிரித்தார், லேபிளை ஏறிட்டும் பார்க்காமல் மூடியைத் திருகினார், முகர்ந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் இரண்டு சின்ன டம்ளரும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தார். மால்ட் என்றால் பால் காய்ச்ச வேண்டாமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கெட்ட புத்தி வேடிக்கை பார்க்கிற அவசரத்தில் இருந்தது. இரண்டு டம்ளரிலும் இரண்டு விரற்கடை ஊற்றினார். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிறிய நிறம். முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். "வந்தவங்களுக்குத்தானுங்க முதல்ல. குடிங்க."

போச்சுடா! விருந்தாளிக்கு முதலில் என்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான், அதை நான் எப்படி மறந்தேன்? இப்போது உண்மையைச் சொன்னால், முன்பே தெரிந்துகொண்டு சும்மா இருந்தாயா என்று ஆகும். வேண்டாம் என்றால், எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா என்று ஆகும், என் மகளின் விமானம் அங்கேயே நின்றுவிடும். தன் வினை தன்னைச் சுடும் என்பது சொல்லுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே நாக்கைச் சுட்டது. ஒரு மடக்கு குடித்தேன். தொண்டையில் மிளகு ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றின மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், இருமல் வேறு. சம்பந்தியம்மா என் தலையைத் தட்டி, "மெதுவா, மெதுவா" என்றார். அவர் கை என் மேல் பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பிறகு தன் டம்ளரை எடுத்தார். அவர் குடித்த அழகை நான் என்னவென்று சொல்ல! முதலில் மூக்குக்குக் கீழே ஒரு ஆட்டு ஆட்டினார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார். நுனி நாக்கில் கொஞ்சம் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி ஒரு வாய். மார்க்கெட்டில் மூட்டையைப் பிரித்துவிட்டு நிற்கிற மாதிரியே நின்றார்.

"பார்லிங்க இது. கால் வீக்கத்துக்குப் பார்லித் தண்ணி வெப்பமல்லோ, அந்த வாசம் அடியில நிக்குது. மொளை கட்டித்தான் பண்ணியிருக்காங்க. ஆனா வெயில்ல காய வெக்கல, புகையில காய வெச்சிருக்காங்க." இன்னொரு வாய். "வாழைத்தாருக்கு மூட்டம் போடுவமுங்க, தெரியுமுங்களா? குழிக்குள்ள தாரை அடுக்கி, புகை போட்டு மூடிப் பழுக்க வெக்கறது. அவசரக்காரன் ஒரு நாளு முந்தியே மூட்டத்தைப் பிரிச்சான்னா, தார் மேல புகை வாசமும் இருக்கும், உள்ள பச்சை வாசமும் போயிருக்காது. அப்படி இருக்குதுங்க. சரக்கு நல்ல சரக்குத்தான். ஆனா பிஞ்சுங்க. பிஞ்சுலயே எறக்கிப்போட்டாங்க."

நான் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எரிச்சலுக்குப் பின்னால் அந்த வாழைக்காய் இருந்தது! புகையும் இருந்தது. லேபிளில் ஐந்து வருடம் என்று படித்தவள் நான், படிக்காமலே வயதைச் சொன்னவர் அவர். வயிற்றில் ஒரு கதகதப்பு பரவி, உறைந்து கிடந்தது எதுவோ இளகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் சம்பந்தி, உங்களுக்கு உலகத்துல எல்லாமே பிஞ்சு, முத்தல், ரெண்டே வகைதானா?"

"பின்ன? மண்டிக்காரிக்கு வேற என்னுங்க தெரியும்?" அவரும் சிரித்தார்.

"அதுனாலதான் எம் பிள்ளையவும் முத்தல்னு சொன்னீங்களா?"

கேட்டேவிட்டேன். கத்திரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாருங்க சொன்னது?"

"நீங்கதான். கல்யாணப் பந்தியில. முத்தலாத்தான் இருக்குது, வாயை மூடிட்டு ஏத்துக்க வேண்டியதுதான்னு ஐயாகிட்டச் சொன்னீங்க. எங் காதால கேட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அட, வெண்டைக்காய்ங்க! மோர்க்குழம்புல கெடந்த வெண்டைக்காய்! கட்டை மாதிரி இருந்துச்சு, கடிக்க முடியல. வெண்டைக்கா ஏவாரியோட சம்பந்தி வீட்டுப் பந்தியில முத்தல் வெண்டைக்காயான்னு எனக்கு ஆறலைங்க. மருமகளையா? என்ற மருமகளையா அப்படிச் சொல்லுவேன்? அந்தக் கண்ணு வந்தப்புறந்தானுங்க என்ற பையன் மொகத்துல சிரிப்பே வந்துச்சு!" அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? லாரி லாரியாக் காய் ஏத்தற எங்ககிட்ட, கல்யாணத்துக்கு ஒரு கூடை காய் கேக்கல நீங்க. வெளியில வாங்குனீங்க. கவருமெண்டு வேலை பார்த்தவங்க, காய்க்காரிய ஏன் மதிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் மொகத்தையும் திருப்பிட்டீங்களா, சரிதான்னு வந்துட்டேன்."

ஐயோ, என் சாமி! மாப்பிள்ளை வீட்டாரிடம் காய் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தவள் நான். கேட்காததுதான் அவருக்குக் குறைச்சலாகப் பட்டிருக்கிறது. ஒரு வெண்டைக்காய்க்காகவா இரண்டு வருடம்? நான் அழ ஆரம்பித்தேன், அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நான் சிரித்தேன், அவர் அழுதார். நடுவில் ஆளுக்கு இன்னும் ஒரு விரற்கடை ஊற்றினோமா இல்லையா என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்படியே தோளோடு தோள் உட்கார்ந்து வீடியோ கால் போட்டோம். மகள் எடுத்ததும் பதறினாள். "என்னம்மா ரெண்டு பேர் கண்ணும் செவந்து கெடக்கு? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல கண்ணு. உன்ற புருசன் அனுப்புன மால்ட்டைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கோம்" என்றார் சம்பந்தியம்மா. பின்னாலிருந்து மாப்பிள்ளை அலறினார். "அம்மா! அது விஸ்கிம்மா! அப்பாவுக்கு அனுப்புனது!" சம்பந்தியம்மா பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்படியாடா?" என்றார். அந்தக் கலவரத்திலும் புகையைப் பற்றி மறக்காமல் கேட்டார். ஆமாம், அங்கே ஒரு வகைக் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில்தான் முளைத்த பார்லியைக் காயவைப்பார்களாம். ஆலை புதிது என்பதால் ஐந்து வருடத்திலேயே புட்டியில் அடைத்துவிட்டார்களாம். "பார்த்தீங்களா, பிஞ்சு!" என்று என் தொடையில் அடித்தார். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "டிக்கெட் போடுறேன்மா" என்றாள். சாயங்காலம் மண்டியிலிருந்து வந்த ஐயா புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

பேத்தி திண்டுக்கல்லில்தான் பிறந்தாள். அதற்குள் சம்பந்தி எனக்கு அண்ணி ஆகியிருந்தார். அவளைப் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மா அந்தப் புட்டியைக் கழுவி, குழந்தைக்குத் தேய்க்கச் செக்குத் தேங்காயெண்ணெய் நிரப்பிக் கொண்டுவந்தார். எண்ணெய் தீர்ந்ததும் புட்டி எங்கள் ஃப்ரிட்ஜிலேயே தங்கிவிட்டது. பேர் வைக்கிற விருந்துக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மினி வேன் காய் வந்து இறங்கியது. வெண்டைக்காய் ஒவ்வொன்றையும் நான் நுனி ஒடித்துப் பார்த்தேன். அத்தனையும் பிஞ்சு.

இந்த வருடம் லீவுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பேத்திக்கு ஐந்து முடிந்துவிட்டது. மாப்பிள்ளை தன் அப்பாவுக்குப் பதினெட்டு வருட விஸ்கி ஒன்று கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் வைத்துத்தான் பிரித்தார்கள். சம்பந்தியம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். "முத்தல்ங்க" என்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்து முன்னறைக்குப் போனபிறகு, அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மோந்து பார்த்தே வயதைச் சொல்கிற மூக்கு! இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு மூடியத் தொறந்தப்ப, அது சரக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமெ என்னுங்க? லாரி டிரைவருங்களோட காலமெல்லாம் மல்லுக்கட்டினவ நான்."

"தெரிஞ்சேவா எனக்கு ஊத்துனீங்க?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க வாய் திண்டுக்கல் பூட்டுங்க. ரெண்டு வருசமாத் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. எதையாச்சும் ஊத்துனாத்தானே தொறக்கும்?"

ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பச்சைப் புட்டியை எடுத்து, இரண்டு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். முதல் டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

"வந்தவங்களுக்குத்தான் முதல்ல. குடிங்க."

வாங்கினார். குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.